டேப்பில் வைத்த காது

மெயினை இறக்கியாச்சு. இறக்கினதை மூணு தடவை பார்த்தாச்சு, டெஸ்டரை வைத்தும் பார்த்தாச்சு, இனி முன்பக்கத் தகட்டைக் கழற்ற வேண்டியதுதான் பாக்கி. ஆனாலும் காளிராஜ் எட்டு மாதமாக ஓடாமல் கிடந்த அந்தச் சேவு பொரிக்கிற மெஷின் முன்னால் குத்தவைத்து உட்கார்ந்து ஸ்க்ரூடிரைவரைப் பனியன் துணியில் துடைத்துக்கொண்டே இருந்தான். அப்படி என்னத்தைத்தான் துடைக்கிறானோ, சாமி விளக்கா அது? இருபத்திரண்டு வருஷமாக இதே பொழைப்பு. சாத்தூர் பக்கம் எந்தச் சேவுக்கடையில் எந்த ஹீட்டர் ஓடுகிறது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவான். நாலு ஸ்க்ரூ கழற்ற நாலு நிமிஷம் ஆகாது. ஆனால் அந்தத் தகட்டுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று இந்த உலகத்தில் அவன் ஒருத்தனுக்குத்தான் தெரியும், தெரிந்தவன் கை அப்படித்தான் துடைக்கும். முதுகுக்குப் பின்னால் சீனியம்மாள் டார்ச் லைட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அதுதான் வினை. மத்தியானம் ரெண்டரை மணி, அமாவாசை, வேலையாட்களுக்கு அரை நாள் லீவு, முதலாளி தெய்வேந்திரன் மட்டும் இருப்பார், அவரும் உண்ட களைப்பில் கண் அசந்துவிடுவார், கமுக்கமாக வேலையை முடித்துவிட்டு வண்டியை எடுத்துவிடலாம் என்றுதான் இந்த நேரமாகப் பார்த்து வந்தான். வந்தால், சாக்கு மூட்டைப் பக்கம் இவள் உட்கார்ந்திருக்கிறாள். பாக்கெட் போடுகிற எல்லாப் பொம்பளைகளும் போய்விட்டார்கள், இவள் மட்டும் போகவில்லை. தெய்வேந்திரன் பாயை விரிக்கப் போகிற போக்கில், "ஏ சீனியம்மா, சும்மாதான இருக்க, மெக்கானிக்குக்கு லைட்டப் பிடி" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அந்த மனுஷனுக்கு வேறு ஆளே கிடைக்கவில்லையா? இந்த மெஷினில் வெந்தவளையே கூப்பிட்டு இந்த மெஷினுக்கு லைட் பிடி என்று சொல்ல ஒரு வாய் எப்படி வருகிறது? காளிராஜுக்கு முதலாளி மேல் கோபம் கோபமாக வந்தது. அடுத்தவன் மேல் கோபப்பட்டால் தன் வயிறு கொஞ்சம் லேசாகிறது என்பது அவனுக்கு எட்டு மாதமாகப் பழக்கம். முதல் ஸ்க்ரூவைக் கழற்றினான்.

தகடு வந்தது. உள்ளே எண்ணெய்ப் பிசுக்கும் கரியும் அப்பிக் கிடந்தன, அதுக்கு நடுவில் கரெக்டாக அந்த இடத்தில், எட்டு மாதத்துக்கு முன்னால் அவன் வைத்த மாதிரியே, ரெண்டு ஒயரையும் முறுக்கிக் கறுப்பு டேப் சுற்றின அந்த முடிச்சு. டேப்பின் நுனியில் காது. காளிராஜ் எங்கே டேப் சுற்றினாலும் கடைசி நுனியை மடித்து ஒரு காது விடுவான், பின்னால் பிரிக்க வருகிறபோது நகத்தால் சுரண்ட வேண்டாம், பிடித்து இழுத்தால் வந்துவிடும். தொழில்காரர்கள் மத்தியில் அதுக்குக் காளிராஜ் காது என்றே பேர். அந்தக் காது இப்போது அவனைப் பார்த்துக்கொண்டு நின்றது. கெட்ட காது. தீ மேலே தொட்டியில்தானே பிடித்தது, மூடியைப் போட்டு அமுக்கிவிட்டார்களே, கீழே இதுக்கு ஒரு சூடும் படவில்லை, மனுஷிக்குத்தான் பட்டது, டேப்புக்குப் படவில்லை. கொஞ்சம் உருகியிருக்கக் கூடாதா? அவன் தோளைச் சாய்த்து மறைத்தான். "அண்ணே, வெளிச்சம் பூரா உங்க தோள்ல விழுது, கொஞ்சம் தள்ளிக்கோங்க" என்றாள் சீனியம்மாள். "இருக்கட்டும், தெரியுது" என்றான். "என்னத்த தெரியுது, இருட்டுக்கசமா இருக்கு" என்று அவள் பக்கவாட்டில் வந்து குனிந்தாள். மருந்து வாசனை வந்தது. இன்னுமா மருந்து போடுகிறாள்? வலது கை தோல் இழுத்துப் பிடித்து விரல்கள் பாதிதான் மடங்கின, டார்ச்சை ரெண்டு கையாலும் சேர்த்துப் பிடித்திருந்தாள். கழுத்து வரைக்கும் பளபளவென்று ஒரு மாதிரியான தோல். இடது காதில் மட்டும் கம்மல். வலது காதில் கம்மல் போட இடமில்லை. பார்க்காதே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு மறுபடி முடிச்சைப் பார்த்தான், அதைப் பார்க்கவும் முடியவில்லை, இந்தக் கண்ணை எங்கேதான் வைக்கிறது?

டைரக்ட். அவ்வளவுதான் அந்த வேலைக்குப் பேர். எது மக்கர் பண்ணுகிறதோ அதை விட்டுவிட்டு, அதுக்கு வருகிற ஒயரையும் அதிலிருந்து போகிற ஒயரையும் ஒன்றாக முறுக்கிவிட்டால் டைரக்ட். மோட்டாரா, டைரக்ட் குடு. ஸ்டார்ட்டரா, டைரக்ட் குடு. ஊர் பூராவும் பாதி மெஷின் டைரக்டில்தான் ஓடுகிறது, யார் செத்தார்கள்? யாரும் சாகவில்லை, சீனியம்மாளும் சாகவில்லை. அப்போது இந்த மெஷினில் மக்கர் பண்ணினது லிமிட். எண்ணெய் இருநூற்று முப்பது டிகிரியைத் தாண்டினால் ஹீட்டரைத் தானாக வெட்டிவிடுகிற சாமான் அது. வெட்டினால் எண்ணெய் ஆறட்டும் என்று விட்டுவிட்டு, அப்புறம் முன்னால் இருக்கிற சிவப்புப் பட்டனை அமுக்கினால்தான் மறுபடி ஓடும். தீபாவளிக்குப் பத்து நாள் இருக்கையில் அது ஒரு நாளைக்கு ஆறு தடவை, ஏழு தடவை வெட்ட ஆரம்பித்தது. தெய்வேந்திரன் போனில் கத்தினார். "காளி, எப்படியாச்சும் ஓட வை, நீ என்ன பண்ணுவியோ எனக்குத் தெரியாது." எனக்குத் தெரியாது, எனக்குத் தெரியாது. கெட்டிக்காரர், தெரியாமலே இருந்துகொண்டார். லிமிட் போச்சு அண்ணாச்சி, புதுசு வர நாலு நாள் ஆகும், அதுவரைக்கும் ஓடட்டும் என்று காளிராஜ் முறுக்கிவிட்டான், காதும் விட்டான், நாலு நாளில் வந்து பிரிக்கத்தானே காது. லிமிட் போகவில்லை. அதுதான் விஷயம். லிமிட் ஒழுங்காகத்தான் இருந்தது. ஒட்ட ஆரம்பித்திருந்தது தெர்மோஸ்டாட், சூட்டைக் கட்டுப்படுத்துகிற சாமான், அது பிடித்த பிடியை விடாமல் எண்ணெயைக் கொதிக்கக் கொதிக்க ஏற்றிக்கொண்டிருந்தது, லிமிட் பாவம் ஒவ்வொரு தடவையும் அபாயம் அபாயம் என்று வெட்டியது. அந்த மெஷினுக்குள் உண்மை பேசினது அது ஒன்றுதான், அதன் வாயைத்தான் காளிராஜ் அடைத்தான். ஏன் வெட்டுகிறது என்று பத்து நிமிஷம் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். அன்றைக்கு இன்னும் மூணு கடை பாக்கி இருந்தது.

"அண்ணே, அது என்ன, காது மாதிரி நீட்டிக்கிட்டு இருக்கு?" என்றாள் சீனியம்மாள். "பழைய டேப்பு" என்றான். சொன்ன வேகத்தில் கட்டிங் பிளையரை விட்டு முடிச்சை அப்படியே வெட்டினான், சட்டைப் பையில் போட்டான். எடுத்து எறிந்திருக்கலாம், குப்பையோடு குப்பை. பையில் போட்டது தப்பு. யாராவது குப்பையைப் பையில் போடுவார்களா? பிறகு சிவப்புப் பட்டனுக்குப் பின்னால் இருந்த பழைய லிமிட்டின் ரெண்டு நட்டையும் கழற்றினான். அதன் ரெண்டு முனையிலும் ஒயர் இல்லை, தூசிதான் இருந்தது, பட்டன் எட்டு மாதமாக எதோடும் சேராமல் சும்மா தகட்டில் உட்கார்ந்திருந்தது. அன்றைக்கும் சும்மாதான் இருந்தது. அன்றைக்குப் புகை கிளம்பினதும் இவள் ஓடி வந்து அணையட்டும் என்று அமுக்கினாளே, அப்போதும் அது செத்த பட்டன்தான். கதவில்லாத சுவரில் பூட்டைத் திருகின மாதிரி. அமுக்கின அந்த நிமிஷத்தில் எண்ணெய் பிடித்துக்கொண்டது, அது தன் நேரத்துக்குப் பிடித்தது, இவள் நேரத்துக்கு அமுக்கினாள். இவள் அதை ரெண்டையும் ஒன்றாக முடிச்சுப் போட்டுக்கொண்டாள். ஆஸ்பத்திரியில் முதல் நாள் நினைவு திரும்பினதும், "நாந்தான் பட்டன அமுக்கினேன்" என்றுதான் சொன்னாளாம். முடிச்சு அவள் போட்டது. காளிராஜ் டேப்தான் சுற்றினான். என்ன காரணம் என்று எல்லாரும் நிற்கிறபோது தெய்வேந்திரன் அவனைப் பார்த்தார், அவன் தகட்டைக் கழற்றாமலே தலையை ஆட்டி, "சூடா இருக்கும்போது அந்தப் பட்டன அமுக்கவே கூடாது அண்ணாச்சி" என்றான். அவன் பொய் சொல்லவில்லை. எந்த மெஷினிலும் சூடாக இருக்கும்போது அந்தப் பட்டனை அமுக்கக் கூடாது, யாரிடம் வேண்டுமானாலும் கேட்டுப் பார், மெஷினோடு வருகிற புத்தகத்திலேயே இருக்கிறது. உண்மையையே எடுத்து ஒருத்தி கழுத்தில் கத்தியாக வைக்கிற சாமர்த்தியம் எல்லாருக்கும் வாய்க்காது.

ஒட்டிக்கொண்டிருந்த தெர்மோஸ்டாட்டை முதலில் மாற்றினான், பிறகு புது லிமிட்டை டப்பாவிலிருந்து எடுத்தான். "இதானாண்ணே மாட்டப் போற சாமான்? இம்புட்டுக்காணுதானா?" என்று அவள் ஆச்சரியப்பட்டாள். உள்ளங்கைக்குள் அடங்குகிற சாமான், அதிலிருந்து மெல்லிசாக ஒரு செம்புக் குழாய், குழாயின் நுனியில் பென்சில் துண்டு நீளத்துக்குக் குமிழ். "இந்தக் குமிழ்தான் எண்ணெய்க்குள்ள இருந்து சூடு பார்க்கும்" என்று அவன் சொன்னான், எதுக்குச் சொன்னான் என்று அவனுக்கே தெரியவில்லை, பேசிக்கொண்டே இருந்தால் அவள் கேட்கிறதைக் கேட்க மாட்டாள் என்றிருக்கும். டப்பா பழசு. அதன் மேல் கூரியர்காரன் ஒட்டின சீட்டைக் காலையில் வெந்நீர் தொட்டுச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் வந்திருந்தான். சீட்டில் தேதி இருந்தது. நாலு நாள் என்று சொன்னான், நாலாம் நாள் கரெக்டாக வந்துவிட்டது இது. சனிக்கிழமை வந்தது. ஞாயிறு மச்சினன் வீட்டு விசேஷம். திங்கள் கோவில்பட்டி. செவ்வாய் போக நினைத்தான், மெஷின் நன்றாகத்தான் ஓடுது, பொறவு வா என்றார் தெய்வேந்திரன். புதன் ஒன்றும் இல்லை, புதன்கிழமைக்கு ஒரு சாக்கும் இல்லை, அவன் எத்தனையோ ராத்திரி தேடிப் பார்த்துவிட்டான், புதன்கிழமை அவன் சும்மா வீட்டில் இருந்தான். வியாழன் தீ. அப்போது இந்த டப்பா அவன் வண்டிப் பெட்டியில் இருந்தது. மடிப்பு விழாமல் குழாயை மேலே ஏற்ற வேண்டும், ஒரு மடிப்பு விழுந்தாலும் சாமான் செத்துப்போகும், மெதுவாக, மெதுவாக, தொட்டிச் சுவரின் ஓட்டை வழியாக உள்ளே விட்டு, ஹீட்டருக்குப் பக்கத்தில் கிளிப்பில் குமிழை உட்கார வைத்து, கசியாமல் நட்டை இறுக்கினான். கை நடுங்காமல் செய்தது. எவ்வளவு ஒழுங்கான கை! இதே கைதான்.

"அண்ணே" என்றாள். வந்துவிட்டது, கேட்கப் போகிறாள். "நீங்க இன்னைக்கு வருவீகன்னு முதலாளி சொன்னாக. அதான் வீட்டுக்குப் போகல." அவன் ஒயரைச் சீவிக்கொண்டிருந்தான். "எனக்கு ஒண்ணு தெரியணும்ணே. முதலாளி திரும்ப அடுப்புக்கே வரச் சொல்றாக. நான் போனதுக்கப்புறம் சேவு முறுகலே சரியில்லையாம். எனக்கும் பாக்கெட் போட்டுப் போட்டு வெறுத்துப்போச்சு. பதினாறு வருசம் எண்ணெய்ச் சட்டி முன்னாடி நின்னவண்ணே நானு, எண்ணெய் சத்தத்த வச்சே மாவு போடலாமா வேண்டாமான்னு சொல்லுவேன். கை மடங்காட்டியும் நின்னுருவேன், அது ஒண்ணுமில்ல. ஆனா என் தப்பாலதான் பத்துச்சுன்னா நான் நிக்க மாட்டேன். இந்தக் கை நெருப்புக்கு ஆகாத கைன்னு விட்டுருவேன். நாலு பிள்ளைக பக்கத்துல நிக்கிற இடம்." குரல் ரொம்பச் சாதாரணமாக இருந்தது, சந்தையில் என்ன விலை என்று கேட்கிற மாதிரி. "அவுக எல்லாம் ஆறுதலுக்குச் சொல்லுவாக, உன் தப்பு இல்லன்னு. அவுகளுக்கு என்ன தெரியும்? நீங்கதான் மெஷினு தெரிஞ்சவுக. எதா இருந்தாலும் டைரக்டா சொல்லிருங்கண்ணே." டைரக்டா! அவன் திடுக்கிட்டுத் திரும்பினான். அவள் முகத்தில் ஒன்றுமில்லை. எல்லாரும் பேசுகிற வார்த்தைதானே, பஸ்ஸில் பேசுகிறார்கள், டைரக்டா மதுரைக்குப் போகுமா என்று கேட்கிறார்கள், இவளும் கேட்டாள். "இரும்மா, டெஸ்ட் பண்ணிட்டுச் சொல்றேன்" என்றான். டெஸ்டுக்கும் இவள் கேள்விக்கும் என்ன சம்பந்தம்? ஒரு சம்பந்தமும் இல்லை.

எண்ணெயை ஊற்றினார்கள். லிமிட் வெட்டுகிறதா என்று பார்க்க வேண்டுமானால் எண்ணெய் அளவு மீறிச் சூடாக வேண்டும், அதுக்குத் தெர்மோஸ்டாட்டைக் கொஞ்ச நேரம் ஓரம்கட்ட வேண்டும். அதாவது டைரக்ட் கொடுக்க வேண்டும். வேறு வழி இல்லை, முறையே அதுதான். காளிராஜ் அவள் கண்ணுக்கு முன்னால் ரெண்டு ஒயரை முறுக்கி டேப் சுற்றினான், நுனியில் விரல் தன்பாட்டுக்குக் காது மடித்தது, பார்த்தவன் அவசரமாக அதைத் தேய்த்து அமுக்கினான். மூடியைக் கைக்கு எட்டுகிற தூரத்தில் வைத்தான். "நீ தள்ளி நில்லும்மா" என்றான். "இல்ல, நிக்கேன்" என்றாள். மெயினை ஏற்றினான். நூறு. நூற்று முப்பது. எண்ணெய் லேசாக முனக ஆரம்பித்தது. நூற்று அறுபதில் அவள், "இப்பப் போடலாம் மாவு" என்று தனக்குள்ளே சொன்னாள். நூற்று எண்பது, இதுக்கு மேல் சேவுக்கு வேண்டாம். இருநூறு. காளிராஜின் கண் கையில் இருந்த சூடு பார்க்கிற மீட்டரிலேயே இருந்தது. எட்டு மாதம் மூலையில் கிடந்த சாமான், குழாயில் எங்கேயாவது மயிரிழை விரிசல் விட்டிருந்தால்? வெட்டாவிட்டால்? வெட்டாவிட்டால் மெயினை இறக்கிவிடுவேன், கை பக்கத்தில்தானே இருக்கிறது. அன்றைக்கும் யாராவது மெயினை இறக்கியிருக்கலாம். இவளுக்கு யாரும் மெயின் எங்கே என்று சொல்லித்தரவில்லை, சிவப்பாக ஒன்று தெரிந்தது, சிவப்பு என்றால் நிறுத்துகிறது என்று நினைத்தாள், யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைப்பார்கள். இருநூற்றுப் பத்து. சொல்லிவிடு. ரெண்டே வார்த்தை, உன் தப்பு இல்லை, நான் முறுக்கினேன். சொன்னால் என்ன ஆகும்? நாளைக்குக் காலையில் பஜார் பூராவும் தெரியும். காளிராஜ் காது என்பதுக்கு வேறு அர்த்தம் வந்துவிடும். எந்தக் கடைக்காரன் கூப்பிடுவான்? போலீஸ், ஸ்டேஷன், பெண்டாட்டி முகம். சொல்லாவிட்டால்? சொல்லாவிட்டால் இவள் பாக்கெட் போடுவாள். பாக்கெட் போடுகிறது ஒன்றும் மட்டமான வேலை இல்லையே, நிழலில் உட்கார்ந்த வேலை, சூடு கிடையாது, சொல்லப்போனால் இந்தக் கைக்கு அதுதான் நல்லது, நான் இவளுக்கு நல்லதுதான் செய்கிறேன். பாருங்கள், எவ்வளவு சீக்கிரம் நல்லவனாகிவிட்டான்! இருநூற்று இருபது. மேலே மெல்லிசாகப் புகை எழுந்தது. சீனியம்மாள் பின்வாங்கவில்லை, டார்ச்சை அந்தப் புகை மேலே திருப்பினாள். "அண்ணே, அன்னைக்கும் இப்படித்தாண்ணே, இதே வாசம்" என்றாள். இருநூற்று முப்பத்தொன்றில் உள்ளே டிக்கென்று ஒரு சத்தம். மெஷின் முகப்பில் எரிந்த ஹீட்டர் விளக்கு அணைந்தது. லிமிட் தன் வேலையைச் செய்துவிட்டது.

மெயினை இறக்கி முறுக்கினதைப் பிரித்து எல்லாவற்றையும் ஒழுங்காக மாட்டினான். எண்ணெய் ஆற அரை மணிக்கு மேல் ஆனது, ரெண்டு பேரும் ஆளுக்கொரு டின் மேல் உட்கார்ந்திருந்தார்கள், தெய்வேந்திரனின் குறட்டை கேட்டது. பிறகு மெயினை ஏற்றிவிட்டு, "இப்ப அந்தப் பட்டன அமுக்கும்மா" என்றான். எதுக்கு அவளைச் சொன்னான்? அவன் கையே இருக்கிறதே. பயம் போகட்டும் என்று சொன்னதாகத்தான் பிற்பாடு நினைத்துக்கொள்வான். அவள் எழுந்து வந்தாள், மடங்காத விரலை விட்டுவிட்டுக் கட்டைவிரலால் அமுக்கினாள். உடனே விளக்கு எரிந்தது, ஹீட்டர் பிடித்து எண்ணெய்க்குள்ளிருந்து ஒரு முனகல் கிளம்பியது. அவள் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். "அமுக்கினா பத்துது" என்றாள். அவள் கண் நிறைந்துவிட்டது. "அப்ப அன்னைக்கு நான் அமுக்கினதுக்கும் இப்படித்தானே பத்தியிருக்கும். அப்படித்தானண்ணே?"

அவன் வாயைத் திறந்தான். திறந்த வாயில் ரெண்டுமே இருந்தன, சத்தியமாக ரெண்டுமே இருந்தன. சட்டைப் பையில் அந்த முடிச்சு நெஞ்சில் குத்தியது.

"ஆமா" என்றான்.

அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். அழவில்லை, தலையை ரெண்டு தடவை ஆட்டிக்கொண்டாள், அவ்வளவுதான். "சரிண்ணே. டைரக்டா சொன்னீகளே, அது போதும். எட்டு மாசமா யாரும் சொல்லல." பிறகு அவளாகவே போய் டால்டா அட்டைப் பெட்டியிலிருந்து ஒரு துண்டைக் கிழித்துக்கொண்டு, பாக்கெட்டுக்குத் தேதி எழுதுகிற ஸ்கெட்ச் பேனாவையும் எடுத்து வந்தாள். "எனக்கு எழுத்து கோணலா வரும், கையும் வளையாது. நீங்க எழுதிக் குடுங்க, மெஷின்ல ஒட்டிருவோம். அன்னைக்கு முதலாளிகிட்டச் சொன்னீகளாமே, அதையே எழுதுங்க." காளிராஜ் அட்டையைத் தொடைமேல் வைத்து எழுதினான். சூடாக இருக்கும்போது இந்தப் பட்டனை அமுக்கக் கூடாது. "அதுக்குக் கீழ எம்பேரையும் போடுங்க. சீனியம்மாள நெனச்சுக்கோன்னு போடுங்க. புதுசா வர்ற பிள்ளைக அப்பத்தான் பயப்படும்." அவன் அதையும் எழுதினான். அவள் எழுத்துக் கூட்டிப் படித்துப் பார்த்துவிட்டு, "முத்து முத்தா இருக்குண்ணே உங்க எழுத்து" என்றாள்.

கறுப்பு டேப்பை எடுத்து நாலு பக்கமும் ஒட்டினான். கடைசி நுனியில் விரல் மறுபடியும் மடித்துவிட்டது, அவன் கவனிக்கவில்லை, அவள்தான் கவனித்தாள்.

"இது எதுக்குண்ணே, காது?"

"பின்னால பிரிக்கிறதுக்கு லேசா இருக்கும்."

"இத எதுக்குண்ணே பிரிக்கணும்?" என்று சொல்லிச் சீனியம்மாள் அந்தக் காதைக் கட்டைவிரலால் நன்றாக அமுக்கி ஒட்டினாள்.